முல்லைத்தீவில் சொந்தப் போட்: என்ன சாமான் வேண்டும், யார் பார்ப்பார்கள்?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நீங்கள் கனடாவில் இருந்து வந்து முல்லைத்தீவில் 18 அடி பைபர் போட் ஒன்றும் 15 குதிரைவலு என்ஜினும் வாங்கியிருக்கிறீர்கள். மீன்பிடித் தொழிலுக்கு அல்ல. ஆடி விடுமுறையில் பிள்ளைகளையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு நந்திக்கடல் களப்பிலும் கரையோரக் கடலிலும் ஓடித் திரிய. கனடாவில் போட்டுக்குள் இன்னின்ன சாமான் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஏரியில் பொலிஸ் மறித்துப் பார்க்கும். இங்கே என்ன சட்டம், யார் பார்ப்பார்கள், கனடாப் பட்டியலையே இங்கும் வைத்துக்கொண்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் போட்டின் பின்னால் பூட்டும் வெளியிணைப்பு என்ஜின் திருத்துகிறவன். பட்டறைக்கு முதல் அப்பாவோடு தொழிலுக்குப் போனவன். சாமான் பற்றித்தான் நான் கூடுதலாக எழுதப் போகிறேன், ஏனென்றால் அதில்தான் உயிர் இருக்கிறது. சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம்.

இலங்கையில் மீன்பிடிப் போட்டுக்கு வழி தெளிவாக இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின் கீழ் திணைக்களத்தில் பதிய வேண்டும், நம்பர் எழுத வேண்டும், தொழில் செய்ய அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். நீங்கள் வாங்கிய போட் முந்தி ஒருவர் தொழில் செய்த போட்டாக இருந்தால் அந்த நம்பர் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். விற்றவர் தந்த துண்டுக் கடிதம் உரிமை மாற்றம் ஆகாது. மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய் மாற்றி எடுங்கோ. அப்போதே, இது இனித் தொழிலுக்கு ஓடாது, குடும்பத்தோடு ஓடத்தான் என்று சொல்லுங்கோ. மீன்பிடிக்காத போட்களும் கப்பல்களும் கொழும்பில் உள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தின் பொறுப்பு. உங்கள் போட்டுக்கு எந்தப் படிவம், என்ன கட்டணம் என்பதை அங்கே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கோ. காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் நீர் விளையாட்டுச் சேவையாகப் பதிய வேண்டும், காப்புறுதி வேண்டும். "பெற்றோல் காசு மட்டும்தான் வாங்குகிறேன்" என்று சொல்லி நாலு பேரை ஏற்றினாலும் அது காசுக்கு ஏற்றுவதுதான்.

இன்னொன்று, இதைப் பலரும் யோசிப்பதில்லை. நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானியில் வந்தது. சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது. கொக்கிளாய்க் களப்பு 1951இல் இருந்தே சரணாலயம். இந்த இடங்களின் எல்லைக்குள் உல்லாசமாகப் போட் ஓட்டுவதற்கு முதல் வனஜீவராசிகள் திணைக்களத்தில் கேட்க வேண்டும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். குளத்தில் போட் இறக்க அவர்களின் சொல் வேண்டும். கடலில் இறங்கும்போது கிட்ட உள்ள கடற்படை முகாமுக்கு எத்தனை பேர், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போவது நல்லது. போர்க்காலத்தில் பாஸ் எடுத்து, என்ஜின் வலுவுக்கே கட்டுப்பாடு வைத்துத் தொழில் செய்த ஆட்கள் நாங்கள். அந்த நினைவில் முகாமுக்குப் போய்ப் பெயர் சொல்ல மனம் வராது, எனக்கும் வராது. ஆனாலும் ஒரு போட் திரும்பி வராவிட்டால் தேடி வரக்கூடியது அவர்களிடம் உள்ள போட்தான்.

யார் பார்ப்பார்கள் என்றால், கடலில் மறிப்பது பெரும்பாலும் கடற்படை. நீங்கள் யார், போட் யாருடையது, நம்பர் என்ன, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்றும் கேட்பார்கள். அதன் பட்டி இற்றுப்போயிருக்கிறதா, பிள்ளையின் உடம்புக்கு அது அளவா, தீயணைப்பானின் அழுத்தமானி முள் எங்கே நிற்கிறது என்றெல்லாம் கையில் எடுத்துப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள். அமெரிக்காவில் கரையோரக் காவற்படையின் தொண்டர்கள் காசில்லாமல் வந்து போட்டைச் சோதித்து, சரியென்றால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார்கள். பிழை இருந்தால் தண்டம் இல்லை, திருத்தச் சொல்வார்கள். கனடாவிலும் அப்படியொரு மரியாதைச் சோதனை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே அந்த வேலையை நீங்களேதான் செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் மிச்சப் பதில்.

கனடாப் பட்டியல் 6 மீற்றருக்கு உட்பட்ட மோட்டார் போட்டுக்குக் கேட்பது இவ்வளவு: ஆளுக்கொரு அளவான உயிர்காப்பு அங்கி, மிதக்கிற எறிகயிறு 15 மீற்றர், தண்ணி இறைக்க வாளி அல்லது கைப்பம்பு, துடுப்பு அல்லது 15 மீற்றர் கயிறு கட்டிய நங்கூரம், தண்ணி புகாத டோர்ச் அல்லது தீச்சுடர், ஊதல், இரவில் ஓடினால் விளக்கு. நல்ல பட்டியல். ஒன்றையும் வெட்ட வேண்டாம். ஆனால் அது ஏரிக்கு எழுதியது என்பதை நினைவில் வைத்திருங்கோ. உங்கள் ஒன்ராறியோ ஏரியில் என்ஜின் நின்றால் காற்று உங்களை ஏதோ ஒரு கரையில் கொண்டுபோய் விடும். முல்லைத்தீவில் ஆடி மாதம் அது நடக்காது.

ஆடியில் எங்களுக்கு வீசுவது சோழகமும் கச்சானும். தென்மேற்கில் இருந்தும் மேற்கில் இருந்தும், அதாவது தரையில் இருந்து கடலுக்கு. முல்லைத்தீவுக் கரை கிழக்கே பார்த்தது. அதனால் அந்த மாதங்களில் கரையோரத்தில் அலை அமர்ந்து கடல் குளம்போலக் கிடக்கும். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள். கரையில் நிற்கும் பனையும் மண்மேடும் காற்றை மறைக்கின்றன. அரைக் கிலோமீற்றர் போனபிறகுதான் காற்று முதுகில் தள்ளுவது தெரியும். இன்னும் போனால் அலை குத்தத் தொடங்கும், ஆனால் அதுவும் உங்களோடு சேர்ந்தே போவதால் போகும்போது சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் அது முகத்தில் அடிக்கும், தண்ணி அணியத்தால், அதாவது முன்பக்கத்தால், ஏறும். என்ஜின் நின்றால் எதிரே வங்காள விரிகுடா. அந்தப் பக்கத்தில் கரை இல்லை. மன்னார், நாச்சிக்குடாப் பக்கம் இதே காற்று கடலில் இருந்து கரைக்கு அடிக்கும், கடலும் பார்க்கவே முரடாக இருக்கும், அதனால் அங்கே ஆட்கள் தாமாகவே இறங்க மாட்டார்கள். எங்கள் கரைதான் ஏமாற்றும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முதல் ஓர் ஆடி மாதம், என் மனைவியின் தம்பி குடும்பத்தோடு வெளிநாட்டில் இருந்து வந்திருந்தார். இரண்டு பிள்ளைகள். அளம்பில் பக்கம் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வருவோம் என்று வெளிக்கிட்டோம். நான் என்ஜின்காரன், என்ஜினில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என்ஜின் எண்ணெய், அதாவது எரிபொருள், வாங்கிய கானுக்குள் தண்ணி இருந்திருக்கிறது. கரை தெரியத்தக்க தூரத்தில் என்ஜின் இருமி நின்றது. காபரேற்றரைக் கழற்றித் துடைத்துப் போட்டால் ஓடும், அதற்கு எனக்குக் கால் மணித்தியாலம் போதும். நங்கூரத்தைப் போட்டேன். கயிறு அடியைத் தொட்டது, ஆனால் பிடிக்கவில்லை, இழுபட்டுக்கொண்டே வந்தது. களப்புக்குக் கட்டிய கயிறு அது, கட்டையானது. துடுப்பு ஒன்றுதான் இருந்தது. மச்சான் வலித்தார், போட் ஒரு பக்கத்துக்குச் சுழன்றதே தவிரக் கரைப் பக்கம் அசையவில்லை. நான் காபரேற்றரைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அளம்பில் கோயில் மரம் சின்னதாகிக்கொண்டே போனது. சின்னவள் அழவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செம்மலைப் பக்கத்தில் இருந்து வலை எடுத்துத் திரும்பிய ஒரு போட் கண்டு வந்து இழுத்தது. அன்றைக்குப் பட்டியலில் உள்ள எல்லாச் சாமானும் எங்களிடம் இருந்தது. கனடாக்காரன் பார்த்திருந்தாலும் சரி என்றுதான் எழுதியிருப்பான்.

ஆகவே நங்கூரத்தில் இருந்து தொடங்குங்கோ. "துடுப்பு அல்லது நங்கூரம்" என்பதை இங்கே "துடுப்பும் நங்கூரமும்" என்று மாற்றி எழுதுங்கோ, துடுப்பு இரண்டு. நங்கூரம் பாரத்தால் பிடிப்பதில்லை, கிடையாக இழுபடும்போது மண்ணில் கொளுவித்தான் பிடிக்கும். கயிறு செங்குத்தாக நின்றால் அது நங்கூரத்தைக் கிளப்பிவிடும். ஆழத்தின் ஐந்து தொடக்கம் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும் என்பது இதனால்தான். 6 மீற்றர் தண்ணிக்கு 30 தொடக்கம் 40 மீற்றர். 60 மீற்றர்க் கயிறு வாங்கி, நங்கூரத்துக்கும் கயிறுக்கும் இடையில் இரண்டு மீற்றர்ச் சங்கிலி போடுங்கோ, சங்கிலிதான் அந்த முனையைப் படுக்க வைக்கும். மற்ற நுனியை அணியத்தில் இப்போதே கட்டி வைத்துவிடுங்கோ. பதற்றத்தில் நங்கூரத்தையும் கயிற்றையும் சேர்த்துக் கடலில் எறிந்தவர்கள் உண்டு. பின்பக்கத்தில் கட்டவே வேண்டாம், என்ஜின் பாரத்தோடு பின்னால் பிடித்தால் அலை உள்ளே வரும்.

அடுத்தது அங்கி. உயிர்காப்பு அங்கியின் உள்பக்க லேபலில், அது எவ்வளவு பலத்தோடு மிதக்க வைக்கும் என்று நியூட்டன் கணக்கு இருக்கும்: 50, 100, 150, 275. சர்வதேசத் தரத்தில் 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, கரைக்குக் கிட்ட, உதவி பக்கத்தில் இருக்கும்போது. 100 அமைதியான தண்ணிக்கு, 150 வெளிக்கடலுக்கு. தண்ணிக்குள் மனிதருக்குப் பாரம் மிகக் குறைவு. தலையை வெளியே வைத்திருக்க நாலைந்து கிலோ மிதப்பே போதும், 50 நியூட்டனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிறகு ஏன் 100, 150 என்றால், மயங்கிய ஆளைக் குப்புறக் கிடக்க விடாமல் மல்லாத்துவதற்கு. 50இல் அந்த வேலை நடக்காது. உங்கள் அம்மாவுக்கும் நீந்தத் தெரியாத எவருக்கும் 100க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம், கடலுக்கென்றால் 150.

லேபல் இல்லாத அங்கி இங்கே கடைகளில் தொங்குகிறது. செம்மஞ்சள் துணிக்குள் ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரை) துண்டு வைத்துத் தைத்தது. ஒருமுறை நானே ஒரு கடையில் ஆறு வாங்கினேன், விலை மலிவு. இரண்டு வெயிலுக்குள் ரெஜிபோம் உடைந்து மாவாகி அடிப்பக்கம் சேர்ந்துவிட்டது, தோள்பக்கம் வெறும் துணி. அதைப் போட்டுக்கொண்டு விழுந்தால் இடுப்பு மிதக்கும், தலை கீழே போகும். அங்கியைக் கையால் பிசைந்து பாருங்கோ. நொறுங்குகிற சத்தம் கேட்டால் எறிந்துவிடுங்கோ. அழுத்திய இடம் திரும்பி எழும்பாவிட்டாலும் எறிந்துவிடுங்கோ. பட்டிகளை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கோ, எங்கள் வெயிலில் நூல்தான் முதலில் சாகும். அங்கியின் மேல் குந்திக்கொண்டு போட்டில் போவது இன்னொரு கெட்ட பழக்கம். நசுங்கி நசுங்கி மிதப்புப் போய்விடும்.

பிறகு தண்ணியில் சோதியுங்கோ. இடுப்பளவு தண்ணியில் ஒவ்வொருவரும் தங்கள் அங்கியைப் போட்டு, கொளுவிகளைப் பூட்டி, முழங்காலை மடித்து மிதந்து பார்க்க வேண்டும். வாயும் மூக்கும் தண்ணிக்கு மேலே வடிவாக நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு, போட்ட அங்கியை இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்குங்கோ. காதுக்கு மேலே அது வந்தால் அளவு பெரிது, தண்ணியில் பிள்ளை அங்கிக்குள்ளால் வழுகிவிடும். கால் இடுக்கால் போகும் பட்டியும், பிடித்துத் தூக்கப் பிடரியில் ஒரு கைபிடியும் உள்ளதையே பிள்ளைகளுக்கு வாங்குங்கோ. "வளருவான், பெரிதாக எடுப்போம்" என்பது பள்ளிக்கூடச் சட்டைக்குச் சரி. கைக்குழந்தையை ஏற்றவே வேண்டாம். கனடாவிலும் 9 கிலோ ஆகி, அங்கி போடக்கூடிய பிள்ளையைத்தான் போட்டில் ஏற்றலாம் என்கிறார்கள்.

அம்மா சேலையோடு வருவா என்றால், சேலைக்கு மேலேதான் அங்கி, முந்தானையைச் செருகி அங்கியின் உள்ளே. காற்றில் பறக்கும் சால்வையோ முந்தானையோ பின்பக்கம் இருக்கக் கூடாது, தண்ணிக்குள் சுழலும் என்ஜின் விசிறி இழுத்துவிடும். அம்மாவை நடுவில் இருத்துங்கோ.

அங்கி போட்டில் இருப்பது வேறு, உடம்பில் இருப்பது வேறு. அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில் உல்லாசப் போட் விபத்துகளில் 564 பேர் இறந்திருக்கிறார்கள். காரணம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் மூழ்கி இறந்தவர்கள், அப்படி மூழ்கியவர்களில் நூற்றுக்கு 87 பேர் அங்கி போட்டிருக்கவில்லை. அங்கி போட்டில் வைத்திருப்பது கட்டாயமான நாடு அது. கவிழும்போது இருக்கைக்குக் கீழே கட்டிவைத்த அங்கியை அவிழ்த்து எடுக்க நேரம் கிடைப்பதில்லை. உங்கள் போட்டில் ஒரு சட்டம் போடுங்கோ: கரையில் நிற்கும்போதே எல்லாரும் போட வேண்டும், நீங்களும் போட வேண்டும். போட் ஓட்டி அங்கி போடாவிட்டால் பெடியள் பத்து நிமிடத்தில் கழற்றிவிடுவார்கள்.

2021 நவம்பர் 23 நினைவிருக்கும். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்ததால் மாற்றாக ஓடிய படகுப் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் மிதவை) கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இறந்தார்கள். நடுக்கடல் அல்ல, இரண்டு கரையும் கண்ணுக்குத் தெரிகிற களப்பு. நந்திக்கடலில் "இடுப்பளவுதானே" என்று சொல்கிறவர்களிடம் நான் அதைத்தான் சொல்வேன். இங்கே சேறு வேறு. கால் புதைந்தால் இடுப்பளவு நெஞ்சளவாகும். மாரியில் வட்டுவாகலிலோ நாயாற்றிலோ முகத்துவாரம் வெட்டியிருந்தால் களப்புத் தண்ணி முழுவதும் கடலுக்குப் பாயும். அந்தப் பக்கம் ஒரு கிலோமீற்றருக்குக்கூடக் கிட்டப் போக வேண்டாம். இரணைமடுவில் வான்கதவுப் பக்கமும் அப்படித்தான். குளங்களில் முதலையும் உண்டு, குளிக்க இறங்கும் எண்ணம் வேண்டாம்.

எத்தனை பேர்? எட்டுப் பேர் என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் 20 அடிக்கு உட்பட்ட போட்டுக்கு ஒரு கைக்கணக்குச் சொல்வார்கள்: நீளத்தை அகலத்தால் பெருக்கி, அடிக் கணக்கில், 15ஆல் பிரிக்க வேண்டும். உங்கள் 18 அடிப் போட் 5 அடி அகலம் என்று வைத்தால் 90ஐ 15ஆல் பிரிக்க 6. அதுவும் காற்றில்லாத நாளுக்கு. கடலுக்கு நான் ஐந்து பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன், பிள்ளையும் ஓர் ஆள்தான். இரண்டு தரமாக ஏற்றி இறக்குங்கோ. களப்பில் பூநாரைக் கூட்டத்தைக் கண்டால் எல்லாரும் ஒரு பக்கம் எழும்புவார்கள். எழும்பக் கூடாது என்று கரையிலேயே சொல்லுங்கோ.

என்ஜினில் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று வரும். அதன் ஒரு முனை என்ஜின் சுவிட்சில், மறு முனை ஓட்டியின் கையில் அல்லது தொடையில். ஓட்டி விழுந்தால் கயிறு இழுபட்டு என்ஜின் நிற்கும். கயிறு இல்லாவிட்டால் போட் ஆளில்லாமல் வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே விசிறியோடு திரும்பி வரும். 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் 26 அடிக்கு உட்பட்ட போட் ஓட்டுகிறவர்கள் இதைக் கொளுவியிருப்பது சட்டம். என் பட்டறைக்கு வரும் என்ஜின்களில் பாதிக்கு மேல் இந்தக் கயிறு தொலைந்து, கிளிப்பை மட்டும் நிரந்தரமாகச் செருகி ஓட்டியவை. புதுக்கயிறு பெரிய விலை இல்லை. வாங்கிய நாளே, ஓடும்போது இழுத்து, என்ஜின் நிற்கிறதா என்று பாருங்கோ. சுவிட்ச் உப்பில் இறுகியிருந்தால் நிற்காது.

எண்ணெய்க்கு மூன்றில் ஒன்று கணக்கு: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. ஆடியில் வருகிற பயணம் காற்றுக்கு எதிர் என்பதால் திரும்பி வரத் தேவையான பங்கு கூடும், அதையும் யோசியுங்கோ. தண்ணி பிரிக்கிற வடிகட்டி ஒன்றை எண்ணெய்க் குழாயில் போடுங்கோ, என் கதையைத்தான் வாசித்தீர்களே. மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜின் என்றால் பெற்றோலில் தொடங்கி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்த முதல் திரும்பப் பெற்றோலில் சற்று ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் நிறுத்திய என்ஜின் ஆறியபின் திரும்ப எழும்பாது. தாங்கியைப் போட்டுக்குள் வைத்து நிரப்ப வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம், போட் அடியில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். கரையில் இறக்கி நிரப்புங்கோ. கழற்றி எடுக்கும் தாங்கி உள்ள சின்னப் போட்டுக்குக் கனடாச் சட்டம் தீயணைப்பானைக் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் ஒரு கிலோ உலர்தூள் தீயணைப்பான் வாங்கி, ஓட்டியின் கைக்கெட்டும் இடத்தில், தாங்கிக்குத் தூரமாகப் பூட்டுங்கோ. முள் பச்சையில் நிற்க வேண்டும். மாதம் ஒருக்கால் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினால் தூள் இறுகாது.

பிளக் இரண்டு, பிளக் சாவி, தொடங்கும் கயிறு, ஒரு கத்தி. கத்தி ஏன் என்றால், வலை விசிறியில் சுற்றினால் வெட்ட. களப்பில் தொழிலாளரின் வலை கட்டியிருக்கும் கம்புகளைக் கண்டால் சுற்றிப் போங்கோ. அது அவர்களின் அன்றாடச் சோறு.

கூப்பிடுவதற்கு: ஊதல் ஒவ்வோர் அங்கியிலும் ஒன்று கட்டுங்கோ. கைத்தொலைபேசியைத் தண்ணி புகாத பையில், ஓட்டியின் உடம்பில். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. வீ.எச்.எஃப். வானொலி இருந்தால் 16ஆவது அலைவரிசை, 156.8 மெகாஹேர்ட்ஸ். செம்மஞ்சள் புகைச்சுடர் பகலுக்கு, சிவப்புச் சுடர் இரவுக்கு, இரண்டிலும் திகதி இருக்கும், முடிந்ததை வைத்திருக்க வேண்டாம். ஒன்றுமே இல்லாவிட்டாலும் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, மெல்ல மெல்ல மேலும் கீழும் ஆட்டுவது உலகம் முழுவதும் கடலில் ஆபத்துக் குறி. வெறுமனே கையசைத்தால் எங்கள் தொழிலாளர் வாழ்த்துச் சொல்கிறீர்கள் என்று திரும்பக் கையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பிள்ளைகளுக்கும் அதைப் பழக்குங்கோ. கவிழ்ந்தால் போட்டை விட்டு நீந்த வேண்டாம், பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். பைபர் போட்டின் இரண்டு முனையிலும் மிதப்புக்கு ரெஜிபோமோ காற்றறையோ இருக்கும். பழைய போட் என்றபடியால் மூடியைத் திறந்து பாருங்கோ. நிறையப் போட்டில் அதை எடுத்துவிட்டு ஐஸ் வைக்கவும் வலை வைக்கவும் இடமாக்கியிருப்பார்கள்.

இரவில் ஓட வேண்டாம். இருட்டிவிட்டால் தேவைப்படும் என்பதற்காக அணியத்தில் வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு, எல்லாப் பக்கமும் தெரிகிற வெள்ளை ஒன்று பூட்டி வையுங்கோ. காலையில் ஆறரைக்கு இறங்கிப் பத்து மணிக்குள் ஏறிவிடுவது ஆடிக்குச் சரி, பிறகு காற்று எழும்பும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடிமின்னல், மார்கழி வரை வாடைக் கடல். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் ஏறியதும் எங்கள் கரைக்கும் திருகோணமலைக்கும் இடையில்தான். அந்த மாதங்களில் போட்டை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்து வையுங்கோ.

கரையில் ஒருவரிடம் தாள் ஒன்று கொடுத்துவிட்டுப் போங்கோ: ஆட்களின் பெயர், போட்டின் நிறமும் நம்பரும், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவது, எத்தனை மணிக்கு மேல் காணாவிட்டால் யாருக்கு எடுப்பது. அந்த ஆள் வீட்டில் உள்ளவராக இல்லாமல் கரையில் வாடி (தொழில் கொட்டில்) வைத்திருக்கும் ஒரு தொழிலாளராக இருந்தால் இன்னும் நல்லது. வீட்டார் அழைப்பு எடுப்பார்கள், அவர் போட்டைத் தள்ளிக்கொண்டு வருவார்.

நீங்கள் ஆனிக் கடைசியில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் வந்து இறங்க முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டைப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கோ, என்ஜினைத் தொட்டியில் ஓட விட்டுச் சிவப்புக் கயிற்றையும் வடிகட்டியையும் பார்ப்போம். நங்கூரக் கயிற்றை வளவில் விரித்து அளப்போம். அங்கிகள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தால் பின்னேரம் களப்புக் கரையில் இடுப்பளவு தண்ணிக்குள் இறக்கிப் பார்க்கலாம், பிடிக்க என் மனைவியும் வருவா.